சென்னை வெயிலும் ரேடியேட்டரில் ஊற்றும் போர் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் கத்திபாராவிலும் பெருங்களத்தூரிலும் போனட்டைத் தூக்கியபடி ஓரங்கட்டிய கார்களைப் பார்க்காத நாளில்லை. எல்லோரும் வெயிலைத்தான் குறை சொல்கிறார்கள். அந்த வண்டிகள் பணிமனைக்கு வந்து, ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும் எங்களுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் தெரிகிறது. கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்த் தணிக்கும் திரவம், இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் கரைத்தது போன்ற தண்ணீர் இருக்கும். “நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு? தண்ணி ஊத்துனா போதும்” என்ற பேச்சு கார் வைத்திருப்பவர்களிடம் மட்டுமில்லை, மெக்கானிக்குகள் பலரிடமும் இருக்கிறது. இது தவறு என்பதையும், கூலன்ட்டைத் தேர்ந்தெடுப்பது, மாற்றுவது எப்படி என்பதையும் வாசகர்களுக்கு விவரமாகச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கூலன்ட்டில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால். அதோடு அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள், நுரையடக்கி, சாயம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அது சென்னைக்குத் தேவையில்லைதான். ஆனால் அதே கலவை திறந்த பாத்திரத்தில் 107, 108 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும் என்பது நமக்குத் தேவை. ரேடியேட்டர் மூடி செய்வது குக்கர் வெயிட்டின் வேலை. 1.1 பார் (அழுத்தத்தின் அளவு) என்று அச்சிட்ட மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீர் 121 டிகிரி வரை தாங்கும், கலவை 130-ஐ நெருங்கும்வரை தாங்கும். பல கார்களில் ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்குவதே 95 முதல் 100 டிகிரிக்குள். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காத வண்டியில் வெறும் தண்ணீரும் இருந்துவிட்டால், விசிறி வேகமெடுக்கும் நேரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருக்கும். நெரிசலில் நிற்கும்போது எதிர்க்காற்று கிடையாது. முன்னால் இருக்கும் ஏசி கண்டன்சர் தன் சூட்டையும் ரேடியேட்டர் மீதே தள்ளும். இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டில், எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடம்தான் எல்லாவற்றையும்விடச் சூடானது. அங்கே நீராவி சூழ்ந்துகொண்டால் உலோகத்தின் சூடு வெளியே போக வழியில்லை. ஹெட் வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும், செலவு பல ஆயிரங்களில் தொடங்கும்.

கொதிப்பதைவிடப் பெரிய சேதம் அரிப்பு. அது ஒரே நாளில் தெரியாது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. இன்றைய கார்களில் ரேடியேட்டர், ஹெட் இரண்டும் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்துக்கு உப்பு ஆகாது. தண்ணீரில் உள்ள குளோரைடு அதில் ஊசி குத்தியது போலத் துளை போடும். கூலன்ட்டோடு கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் குளோரைடு அளவோ 250 மில்லிகிராம். குடிக்க நல்ல தண்ணீரே ரேடியேட்டருக்கு ஆகாது என்றால், திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் பக்கத்துக் கடலோர போர் தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது எல்லோருக்கும் தெரிந்த கதை.

உப்போடு கடினத்தன்மையும் சேர்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் படியும். அதாவது, குளிர்ச்சி அதிகம் தேவைப்படும் அதே எக்ஸாஸ்ட் வால்வுப் பகுதியில் சுண்ணாம்பு பூசினாற்போல ஒட்டிக்கொள்ளும். வெளியே ரேடியேட்டர் புதிதாக இருக்கும், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். வாட்டர் பம்ப் சீலின் வழுவழுப்பான முகத்தில் இந்தப் படிவு உட்கார்ந்தால் சீல் தேய்ந்து, பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் கசியத் தொடங்கும். குறையக் குறைய மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். பங்கில் ஏர் பிடிக்கும்போதெல்லாம் ஒரு மக் ஊற்றிக்கொள்ளும் வண்டியில் ஆறு மாதத்தில் என்ன சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் எந்தத் தண்ணீர்? பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் அல்லது டீமினரலைஸ்டு வாட்டர், சீல் பிரிக்காத கேனாக. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பல வீட்டு இயந்திரங்களில் ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கவும் செய்கிறார்கள். ஏசி சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்கள் உண்டு. அதில் உப்பு இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஏசி காயிலின் தூசியும் பாசியும் உலோகத் துகளும் சேர்ந்தே வரும். கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் விலைக்காக இந்தச் சிக்கனம் வேண்டாம்.

இனி தேர்வு. கடையில் போய் “பச்சை கொடுங்க”, “சிவப்பு கொடுங்க” என்று கேட்பதுதான் வழக்கமாக இருக்கிறது. நிறம் வெறும் சாயம். எந்தக் கம்பெனியும் எந்த நிறத்தையும் போடலாம். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் அரிப்புத் தடுப்பு எந்த வகை என்பதை. பழைய வகையில் சிலிகேட் போன்ற கனிம உப்புகள் இருக்கும். அவை உலோகத்தின் மேல் வேகமாகப் படலம் போடும், வேகமாகவே தீர்ந்தும் போகும். ஆயுள் சுமார் இரண்டு ஆண்டு. கரிம அமில வகை நிதானமாக, அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும், ஐந்தாண்டு போல வரும். இரண்டையும் கலந்து செய்த கலப்பு வகைகள்தான் இப்போது அதிகம். ஜப்பானிய, கொரியக் கார்கள் பொதுவாக பாஸ்பேட் சேர்த்த கலப்பு வகையைக் கேட்கும். சிலிகேட் பம்ப் சீலைத் தேய்க்கும் என்பது அவர்கள் கணக்கு. ஐரோப்பியக் கார்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்து சிலிகேட் சேர்த்த வகையைக் கேட்கும். அவர்கள் ஊர்க் கடினநீரில் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும் என்பதே காரணம். இதில் சென்னைக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் தெருக்களில் ஓடும் மாருதி, டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் எல்லாம் இந்த ஜப்பானிய, கொரிய வழியில் வந்தவை. பாஸ்பேட் கூலன்ட்டில் போர் தண்ணீரைக் கலந்தால் அது அங்கேயே வெள்ளை வண்டலாக இறங்கும். கூலன்ட்டும் வீண், குழாயும் அடைபடும்.

வண்டியோடு வந்த கையேட்டில் கூலன்ட்டின் வகை, மொத்தக் கொள்ளளவு, முதல் மாற்றம் எத்தனை கிலோமீட்டரில், அடுத்தடுத்த மாற்றம் எத்தனையில் என்று எல்லாம் இருக்கும். கம்பெனியில் நிரப்பியது அதிக காலம் வரும், அதற்குப் பிறகு மாற்றுவது அதில் பாதி காலமே வரும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. அதைப் பின்பற்றுங்கள். கேனின் மேல் இந்தியத் தரமான ஐ.எஸ். 5759 அல்லது ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். கே 2234 என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்து, அது அப்படியே ஊற்றும் ரெடிமிக்ஸா, தண்ணீர் கலக்க வேண்டிய கான்சன்ட்ரேட்டா என்று பாருங்கள். கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் “ஸ்ட்ராங்கா” இருக்கும் என்று நினைப்பது தவறு. கிளைக்கால் தண்ணீரளவுக்குச் சூட்டை ஏந்திச் செல்லாது, பாகு போலத் தடித்தது, தனியாக ஊற்றினால் வண்டி அதிகம் சூடாகும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் நல்ல சரக்கு தாராளமாகக் கிடைக்கிறது. லேபிள் இல்லாத கேனில், லூஸில் அளந்து தரும் வண்ணத் தண்ணீரை மட்டும் வாங்காதீர்கள்.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில மாடல்களின் பேட்டரிச் சுற்றுக்கு மின்கடத்தல் குறைந்த தனிக் கூலன்ட் உண்டு. சாதாரணக் கூலன்ட்டை அதில் சேர்க்கக் கூடாது.

மாற்றும் முறைக்கு வருவோம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பிரிப்பது உத்தமம். சூடான மூடியைத் துணி போட்டுத் திருகினாலும் கொதிநீர் முகத்தில் அடிக்கும், எந்த அவசரத்திலும் அதைச் செய்யாதீர்கள். வண்டி சமதரையில் நிற்கட்டும். இக்னிஷனை ஆன் செய்து, ஏசி திருகை முழுச் சூட்டுக்குத் திருப்பிவிட்டு ஆஃப் செய்யுங்கள். சென்னையில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, அதனால் பழைய நீர், அதே கூலன்ட் சுற்றில் உள்ள ஹீட்டர் காயிலில்தான் பதுங்கியிருக்கும். மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடித்தொட்டியில் உள்ள டிரெயின் காக் என்ற வடிகால் திருகைத் தளர்த்தி, அகலமான பேசினில் பிடியுங்கள். அந்தக் காக் பல வண்டிகளில் பிளாஸ்டிக். ஸ்பேனர் போட்டால் உடையும், கையால் திருகினாலே போதும். காக் இல்லாத வண்டியில் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், கிளிப்பைத் தள்ளிவிட்டு முறுக்கி எடுங்கள். நெம்பினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூக்கு விரிசல் விடும். ரிசர்வாயர் டப்பாவையும் கழற்றிக் கழுவுங்கள், வண்டல் அதன் அடியில்தான் தங்கும்.

வந்த நீர் தெளிவாக, அதே நிறத்தில் இருந்தால் அலசத் தேவையில்லை. துருவோ வண்டலோ இருந்தால், அல்லது வகையை மாற்றுவதாக இருந்தால், டிஸ்டில்ட் வாட்டரை நிரப்பி, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு, திரும்ப இறக்குங்கள். நிறமில்லாத நீர் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். காஸ்டிக் சோடா, ஆசிட் போட்டுக் கழுவுவது பித்தளை ரேடியேட்டர் காலத்துப் பழக்கம். அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும்.

இங்கேதான் அளவில் பலரும் தவறுகிறார்கள். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்கைத் திறந்தால் 3 லிட்டர் வரும், மீதி 2 லிட்டர் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் நின்றுவிடும். அலசிய வண்டியில் அந்த 2 லிட்டரும் வெறும் தண்ணீர். அதன் மேல் பாதிக்குப் பாதி ரெடிமிக்ஸை 3 லிட்டர் ஊற்றினால் உள்ளே போகும் கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான், கலவை 30 சதவீதமாக நின்றுவிடும். அரிப்புத் தடுப்பும் அதே அளவு குறையும். அதனால் அலசிய வண்டிக்குக் கான்சன்ட்ரேட் வாங்குங்கள். 5 லிட்டரில் பாதி, அதாவது இரண்டரை லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மிச்சம் அரை லிட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் சேர்த்தால் கணக்கு சரியாகும். அலசாமல், அதே வகையை மட்டும் மாற்றும் வண்டிக்கு ரெடிமிக்ஸ் போதும். வெளியே வந்த நீரை அளந்து வைத்துக்கொண்டால் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையளவுக் கருவியில் ஒரு சொட்டு விட்டால் கிளைக்கால் விகிதம் தெரிந்துவிடும். எல்லாப் பணிமனைகளும் அதை வைத்திருக்க வேண்டும், விலையும் பெரிதில்லை.

நிரப்பும்போது அவசரம் கூடாது. மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிவிடுங்கள், குமிழிகள் மேலேறும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்து, குமிழி நின்று ஒரே தாரையாக வந்ததும் மூடுங்கள். ரேடியேட்டரில் மூடி உள்ள வண்டியில் அதைத் திறந்து வைத்தபடி ஐடிலில் ஓடவிட்டால், தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது சேர்த்து மூடியைப் போடுங்கள். பிறகு விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பாருங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், அழுத்தம் தாங்கும் டப்பாவில் மட்டும் மூடி உள்ள வண்டிகளுக்குக் கையேட்டில் சொன்ன முறையே சரி, சிலவற்றுக்கு வேக்குவம் கருவி வேண்டும். மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டம் இரு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். உள்ளே காற்று தங்கியிருந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் கேட்கும், வெப்ப முள் ஏறி இறங்கும், ஹீட்டர் போட்டால் குளிர்காற்று வரும்.

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டேன், இனி சூடாகாது” என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். இதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கே வராது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக வண்டியின் கம்ப்யூட்டர் எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் குறையும், ஆயிலில் கசடு சேரும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வரும், நெரிசலில் வண்டி முன்பைவிட அதிகம் சூடாகும். மஞ்சள்பொடி போட்டு ஒழுகலை அடைப்பதும் இதே ரகம். ஓட்டையை அடைக்கும் பொடி, நூலளவுக் குழாய்களையும் ஹீட்டர் காயிலையும் சேர்த்தே அடைக்கும்.

மட்டம் அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்றே அர்த்தம். ஹோஸ் இணைப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த பொருக்கு இருக்கும். காருக்குள் இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால் ஒழுகுவது ஹீட்டர் காயில். ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல வெளுத்திருந்தாலோ, இன்ஜின் ஓடும்போது டப்பாவில் ஓயாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும், அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. வெள்ளத்தில் நின்ற கார்களுக்கு இன்னொன்று: கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள விரற்கடை இடைவெளியில் சேறு காய்ந்து கெட்டித்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு அடுத்த கோடையில் சூடேறிய வண்டிகள் பலவற்றில் கூலன்ட் நன்றாகவே இருந்தது, அடைப்பு இந்த இடைவெளியில்தான். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிப்பு விடும். ஆறிய பிறகு வேறு வழியே இல்லையென்றால் பாட்டில் குடிநீரை ஊற்றிப் பணிமனை வரை வரலாம், வந்ததும் அதை இறக்கி முறைப்படி நிரப்பிவிட வேண்டும்.

எத்திலீன் கிளைக்கால் விஷம் என்பதைப் பல பணிமனைப் பையன்களுக்கே யாரும் சொல்வதில்லை. இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கிக் குடிக்கும், பூனையும் குடிப்பதுண்டு, குடித்தால் சிறுநீரகம் போய்ச் சாகும். மனிதருக்கும் அதே கதி. முதலில் குடிபோதை போல இருக்கும், ஆபத்து சில மணி நேரம் கழித்தே தெரியும். அதற்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பழைய கூலன்ட்டை மழைநீர் வடிகாலில் கொட்டினால் அது நேரே கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகும். மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயிலோடு கலக்காமல், அபாயக் கழிவுகளை முறைப்படி ஒப்படைக்கும் பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

பெட்ரோல் பங்குகளுக்கும் பணிமனைகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகள். ஏர் பிடிக்கும் இடத்தில் போர் தண்ணீர் வாளிக்குப் பதிலாக டிஸ்டில்ட் வாட்டர் கேன் வைத்து விலைக்கே கொடுங்கள், மக்கள் வாங்குவார்கள். கூலன்ட் மாற்றும் ஒவ்வொரு பணிமனையும் பில்லில் “கூலன்ட் - 1” என்று எழுதுவதை விட்டு, எந்த வகை, எத்தனை லிட்டர், என்ன விகிதம், எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதி, அதையே ஒரு சீட்டில் போனட்டின் உட்புறமும் ஒட்டிவிட வேண்டும். அடுத்து அந்த வண்டியைத் திறக்கும் மெக்கானிக் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
கார் பணிமனைத் தொழிலாளர்கள் சிலர்,
புதுப்பேட்டை, சென்னை.